என் இடது முட்டியைப் பற்றிய உண்மை

மகனே, வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. வலது முட்டியிலும் இல்லை. போன டிசம்பரில் உன்னைப் பார்க்க வந்தபோது, உன் ஊர் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்களே, நீ ஓடி வந்து தரையில் மண்டியிட்டு என் இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்பலேருந்து ப்பா? ஏன் ப்பா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாயே, அந்த முட்டி கிளம்புவதற்கு முதல் நாள்கூட இங்கே பினாங்கில், ஜெலுத்தோங் பிளாட்டில் நான்காவது மாடிக்கு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு ஏறிய முட்டி. லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. மூச்சுகூட வாங்கவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். சொல்லத் தொடங்கினால் நீ "மீட்டிங்ல இருக்கேன் ப்பா, அப்புறம் பேசறேன்" என்பாய், அந்த அப்புறத்துக்குள் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால்தான் ஞாயிறு பத்திரிகைக்கே எழுதி அனுப்புகிறேன். அச்சில் வந்துவிட்டால் சந்தையில் மீன் வெட்டுகிற ஆள் வரைக்கும் படித்துவிடுவான். பிறகு நானே ஆசைப்பட்டாலும் நொண்ட முடியாது.

போன வாரம் நீ போன் செய்தாய். "முடிவு பண்ணிட்டேன் ப்பா. இந்த மாசக் கடைசியில லெட்டர் குடுத்துட்டு வந்துடறேன். பாயான் லெப்பாஸ்ல ஏதாவது ஃபேக்டரியில வேல கெடைக்கும். சம்பளம் கொறஞ்சா கொறையட்டும். அந்தக் கால வச்சிக்கிட்டு நீங்க தனியா மாடி ஏறி எறங்கறத நெனச்சாலே எனக்கு வேல ஓட மாட்டேங்குது" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "டேய், காலுக்கு ஒண்ணும் இல்லடா" என்று நாலே வார்த்தை. அதை விட்டுவிட்டு, "பாத்து செய்யிடா" என்று கிழவன் மாதிரி இருமிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு இருமலும் இல்லை. இப்படி இல்லாத ஒரு முட்டிவலிக்காக நீ இருக்கிற வேலையை விடப் போகிறாய். மாசக் கடைசி நெருங்க நெருங்க, ஜுருவில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிரேக் பேட் கேட்டவனுக்கு ஹாரனை எடுத்துக் கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

எல்லாம் மூன்றாவது மாடி மேரி அக்காவால் வந்தது. உன் அம்மா இருந்தவரை அந்த அக்காவின் யோசனைகளுக்கு நம் வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வர அனுமதி இல்லை. அம்மா போன பிறகு கேட்பாரில்லை. உன்னைப் பார்க்க முதல் முறையாக ஐரோப்பா போகிறேன், நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும் என்று கோப்பிக் கடையில் சொன்னதுதான் தாமதம். "அண்ணே, அந்த ஏர்போர்ட்டா? எங்க மச்சான் அங்கதான் தொலைஞ்சாரு. உள்ளுக்குள்ளயே ரயில் ஓடுது. ஏறினவரு எறங்கத் தெரியாம அங்கிட்டும் இங்கிட்டும் போயிக்கிட்டே இருந்தாரு. பிளேன் போயிருச்சி. நீங்க பேசாம வீல்சேர் சொல்லிடுங்கண்ணே. நான் லண்டன் போனப்ப அப்படித்தான். ஒரு வெள்ளக்காரப் பையன் தள்ளினான். ராணி மாதிரி போனேன்லா!" என்றார். மேரி அக்காவை உனக்குத் தெரியும். தேவாலய விருந்து எதுவானாலும் முதலில் ஆட இறங்கிக் கடைசியில் உட்காருகிறவர். அவரே வீல்சேரில் போகலாம் என்றால் நான் போவதில் என்ன பாவம் என்று அப்போது தோன்றியது.

நீ சிரிக்காதே. நான் பயந்தவன் என்பது உனக்குத் தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொண்டேன். உன்னை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துப் பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது நான் பாட்டுப் பாடுவேனே, அது சந்தோஷத்தில் பாடியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடல் காற்று வண்டியை ஆட்டும், என் பயம் உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் கத்தினேன். தெரிந்த பாலத்துக்கே அந்தக் கதி. தெரியாத நாட்டில், புரியாத மொழியில், கேட்டைத் தேடி ஓடி, கடைசியில் நீ கதவருகே நின்றுகொண்டே இருக்க நான் வந்து சேராமலே போய்விட்டால்? இதை நினைத்து நினைத்து, புறப்படுவதற்கு முன்பே மனத்துக்குள் பல தடவை அந்த விமானத்தைத் தவறவிட்டிருந்தேன்.

டிக்கெட் போடுகிற குணாவிடம் போய் மெல்லச் சொன்னேன். "தம்பி, எனக்கு ஒரு வீல்சேர் போட்டுரு. பினாங்குல வேணாம், கேஎல்ல வேணாம். அங்க எறங்கினப்புறம் மட்டும்." பினாங்கில் சக்கர நாற்காலியில் என்னைப் பார்த்தால் மறுநாள் காலை எனக்கு ஸ்ட்ரோக், மத்தியானம் எனக்கு வாய் பேச வரவில்லை, சாயங்காலம் பிளாட் என்ன விலைக்கு வரும் என்று பேச்சு போய்விடும். குணா என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணே, காலைல நீங்க பஸ் பின்னாடி ஓடினத நான் பாத்தேன்." "அதனாலதான்டா வலி" என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி சரி, போட்டுடறேன்" என்றான்.

கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அண்ணன் வந்து உட்கார்ந்தார். நிபோங் திபால்காரர். கையில் ஊன்றுகோல், கழுத்தில் யாரோ பின்னிக் கொடுத்த மப்ளர். எங்கள் இரண்டு பேர் மகன்களும் ஐரோப்பாவில் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள், ஒரே இடத்தில் இறங்கிப் பிரிகிறோம் என்று தெரிந்ததும் பேச்சு பிடித்துக்கொண்டது. அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். சர்க்கரை எவ்வளவு, இடுப்பு எப்போது உடைந்தது, மூத்த மருமகள் சமையலில் உப்பு எப்படி, இளைய மருமகள் வெள்ளைக்காரியாக இருந்தாலும் ரசம் வைக்கிறாள், எல்லாம் சொன்னார். "மகன் எல்லாத்தையும் செஞ்சி வச்சிட்டான் தம்பி. பிளேன விட்டு எறங்கினா வண்டி நிக்கும்னான். இங்கயும் சொல்லவான்னு கேட்டான். நான்தான் வேணாம்னுட்டேன். நம்ம ஊருதானே, மெல்ல நடந்துக்கலாம்." எனக்கும் வண்டி நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த இடுப்புக்கு முன்னால் என் முட்டியை எடுத்து வைக்கக் கூச்சமாக இருந்தது.

விமானம் தரையைத் தொட்டதும் எனக்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. தாமதமாகவே இறங்கியிருந்தோம். கதவு திறந்ததும் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். சக்கர நாற்காலியைப் பிடிக்க ஓடிய மனிதன் அந்த விமான நிலைய வரலாற்றிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இணைப்புப் பாலத்தின் திருப்பத்தில் ஒரு நாற்காலி நின்றது, ஒன்றே ஒன்று. பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு இளம்பெண், கையில் ஒரு அட்டை. திருப்பத்துக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்தி, ஒரு காலை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். அட்டையில் ஆங்கிலத்தில் "பெருமாள்" என்று எழுதியிருந்தது.

பெயர் விஷயம் உனக்கே தெரியும். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் ஏ எல் போட்டு அப்பா பெயரை எழுதினால், இன்னாருடைய மகன் என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும். நாட்டை விட்டு வெளியே போனால் அந்த இரண்டு எழுத்தும் ஓடிப்போய் அப்பாவோடு ஒட்டிக்கொள்கிறது. என் டிக்கெட்டில் நான் திருவாளர் அல்பெருமாள், எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற அரபு ஷேக் மாதிரி. விமானத்தில் சாப்பாடு கொடுத்த பெண்கூட "மிஸ்டர் அல்பெருமாள், கோழியா மீனா?" என்றுதான் கேட்டாள். உன் தாத்தா பெருமாள் தன் வாழ்நாளில் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்போது அவரைத்தான் உலகம் முழுக்கக் கோழியா மீனா என்று கேட்கிறார்கள். அப்படியிருக்க, அந்த அட்டையில் "அல்" இல்லாமல் சுத்தமாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பரவாயில்லையே, நம் முறை தெரிந்த ஒரு ஆள் இங்கே இருக்கிறாரே என்று நினைத்தேன். "பெருமாள்?" என்றாள். "யெஸ்" என்றேன். என் டிக்கெட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள், தலையாட்டினாள். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னைத் திருப்பும் நேரத்தில் அந்த நிபோங் திபால் அண்ணன் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அட, ஒங்களுக்கும் சொல்லி வச்சிருந்தாங்களா தம்பி? சொல்லவே இல்லயே!" நான் பல்லைக் காட்டினேன். அவர் சுற்றும் முற்றும் தேடினார். "என்னுது பின்னாடி வரும் போல. நீங்க போங்க, போங்க" என்று கையாட்டினார். நானும் ராஜா மாதிரி கையாட்டிவிட்டுப் போனேன்.

மேரி அக்கா சொன்னது எல்லாம் உண்மைதான். அந்த விமான நிலையத்தில் வாசனைத் திரவியக் கடைக்குள் புகுந்துதான் எந்த வழிக்கும் போக வேண்டியிருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த மஞ்சள் பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கை காட்டுகின்றன. உள்ளே ரயில் ஓடுகிறது. யாரும் யாரிடமும் பேசுவதில்லை, எல்லோரையும் யாரோ துரத்துவது மாதிரி நடக்கிறார்கள். நாற்காலியிலிருந்து என்னை மின்சார வண்டிக்கு மாற்றினார்கள். மூலையில் விளக்கு சுழல அந்த வண்டி நீளமான நடைவழியில் போனபோது, அந்த அண்ணனை மறுபடி பார்த்தேன். நடந்து வந்துகொண்டிருந்தார். கொஞ்ச தூரம் நடப்பார், சுவரில் சாய்வார், மேலே பலகையைப் பார்ப்பார், மப்ளரால் முகத்தைத் துடைப்பார். வண்டி எங்கே? மகன் சும்மா பெருமைக்குச் சொல்லியிருக்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. பெற்ற அப்பனுக்கு ஒரு நாற்காலி சொல்லி வைக்கத் துப்பில்லாத மகன்! மகனே, நீ எதுவாக வேண்டுமானாலும் இரு, அந்த மாதிரி மகனாக மட்டும் இருக்காதே என்று அங்கேயே உனக்கு ஒரு புத்திமதி தயார் செய்தேன்.

ஓட்டின பெண்ணிடம், "அவரையும் ஏற்றிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டேன். முன்பதிவு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான், அவர் உதவி மேசையில் போய்க் கேட்கலாம் என்றாள். உதவி மேசை எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் இடத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்திருக்கலாம். இறங்கினால் நடக்க முடிந்தவன் என்று தெரிந்துவிடும். அப்புறம் என்னையும் நடுவழியில் விட்டுவிடுவார்கள், விமானம் போய்விடும், நீ கதவருகே நின்றுகொண்டே இருப்பாய். இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. வண்டி அவரைத் தாண்டியது. இந்த முறை நான் கையாட்டவில்லை. காலணியைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்குத் தண்டனை உடனே கிடைத்தது. சக்கர நாற்காலிக்காரர்களை நிறுத்தி வைக்கிற ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் என்னைக் கொண்டுபோய் மறுபடி ஒரு நாற்காலியில் இறக்கிவிட்டு, "இங்கேயே இருங்கள், வருவார்கள்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். யாரும் வரவில்லை. எதிரே திரையில் என் விமானத்தின் பெயர் ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கோ அவசரமாகச் சிறுநீர் முட்டியது. கழிப்பறை எதிரிலேயே இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் போய்விடலாம், ஆனால் நான் நடக்க முடியாதவன். அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது வந்த நிம்மதியில் எந்தக் கால் என்பது மறந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் தன் இடது முட்டியை இரண்டு தட்டு தட்டிக் காட்டிக் கண்ணடித்தாள். இடது கால் என்று முடிவானது அப்போதுதான்.

கடைசியில் ஒரு ஆள் மூச்சு வாங்க ஓடி வந்து என்னைத் தள்ளிக்கொண்டு பறந்தான். என்னை ஏற்றிய பிறகு கதவைச் சாத்தினார்கள். ஒரு முறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போகிற ஊருக்கெல்லாம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. உன் ஊர் விமான நிலையத்தில் கதவுக்கு முன்பே எழுந்து, கம்பீரமாக நடந்து வருவது என்றுதான் வைத்திருந்தேன். அங்கேயும் ஒரு நாற்காலி நின்றது. எழுந்திருக்க விடவில்லை. கதவு திறந்தது, நீ ஓடி வந்தாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஏன் சொல்லவில்லை என்றால், நீ என்னைத் தொட்டாய். நன்றாக யோசித்துப் பார். அம்மா காரியத்தன்றுகூட நீயும் நானும் பந்தல்காரனுக்கு யார் காசு கொடுப்பது என்றுதான் பேசிக்கொண்டோம். பெரியவனான பிறகு நீ என்னைத் தொட்டது அந்தக் கதவருகேதான். அதற்குப் பிறகு அங்கே இருந்த நாட்கள் முழுவதும் படி வந்தால் கையைப் பிடித்தாய், ராத்திரியில் முட்டிக்குத் தைலம் தேய்த்தாய், "எங்க ப்பா வலிக்குது, இங்கயா?" என்று கேட்டாய். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலி வந்துவிட்டது மாதிரிகூடச் சில சமயம் இருந்தது.

நீ சின்னவனாக இருந்தபோது மலாய்த் தேர்வு வந்தால் உனக்கு வயிற்றுவலி வரும், நினைவிருக்கிறதா? ஒரு தடவை அழுது புரண்டாய். உன்னை அள்ளிக்கொண்டு கிளினிக் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒன்றுமில்லை, நடிக்கிறான்" என்றார். வெளியே வந்து உன்னிடம், "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாருடா" என்றேன். உனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டே, பொய் பிடிபட்டுவிட்டதா இல்லையா என்று என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பார்வையோடுதான் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே மகனே, லெட்டரைக் கொடுக்காதே. உன் ஆபீசில் உன்னை எல்லோரும் என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாய், அங்கே அதுதான் வழக்கம் என்று. "மிஸ்டர்" போட்டு என் பெயரைக் கூப்பிட்டால் நீ எழுந்து நிற்கிறாய். இங்கே என் பெயரை மரியாதையாகக் கூப்பிட ஆளில்லை, அங்கேயாவது அது ஒரு நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும். என் பொய்க்காக அதை எழுப்பிவிடாதே. ஆனால் ஒன்று. வராதே என்று நான் எழுதவில்லை, கவனித்துப் படி. முட்டிக்காக வராதே என்றுதான் எழுதுகிறேன். நீ வந்துவிடுவாயோ என்று ஒரு வாரமாகப் பயந்தேன். இந்தக் கடிதத்தைப் பாதி எழுதியதிலிருந்து, முட்டி நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் நீ வரவே மாட்டாயோ என்று வேறு ஒரு பயம் பிடித்திருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை. உனக்கு வரத் தோன்றினால், என் காலைக் காரணம் சொல்லாமல் வா. தைலம் தேய்க்க வேண்டாம். நான்காவது மாடிக்கு நாம் இரண்டு பேரும் நடந்தே ஏறுவோம், யார் முதலில் என்று பார்ப்போம்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, தீபாவளிக்கு நீ வந்து போக டிக்கெட் என்ன விலை என்று கேட்க இன்று குணா கடைக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். "அண்ணே, ரொம்ப நாளா ஒங்க மூஞ்சிய பாக்கவே கூச்சமா இருக்குண்ணே. அன்னைக்கு ஒங்களுக்கு வீல்சேர் போட மறந்தே போயிட்டேன். நீங்க பிளேன் ஏறினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சி. வந்து ஏசுவீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன், நீங்க ஒண்ணுமே கேக்கல. நடந்துதானே போனீங்க?"

"நடந்துதான்டா போனேன்" என்றேன்.

மேலே அந்த அண்ணனுடைய மகனைப் பற்றி நான் எழுதியதை அடிக்கவில்லை, நீயும் படிக்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். கோலாலம்பூரில் அவரிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன், இடுப்பு எப்போது உடைந்தது என்று கேட்டேன், மருமகள் ரசம் வரைக்கும் கேட்டேன். அவர் தம்பி என்றார், நான் அண்ணே என்றேன். பெயரைக் கேட்கவில்லை.